இயல்பான எடையில் உள்ள மாரத்தான் ஓட்டக்காரர் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். 172 செ.மீ. உயரம், 70 கிலோ எடை, நீரிழிவு இல்லை, ஜனவரியில் சென்னை மாரத்தான், அதற்குள் 5 கிலோ குறைக்க செமாக்ளூடைட் ஊசி என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டக்காரர்களுக்கு உணவுத் திட்டம் வகுத்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் உடலுக்கு இந்த மருந்து தேவையே இல்லை என்பதுதான் என் முதல் கவலை.

இது பசியை அடக்குகிறது; இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. உடல்பருமனால் அவதிப்படுபவருக்கு இது பெரிய உதவி. உங்கள் கணக்கோ வேறு. ஒரு கிலோமீட்டர் ஓட, கிலோ எடைக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். ஞாயிற்றுக்கிழமை 30 கிலோமீட்டர் ஓடினால் 2,100 கலோரி போய்விடும். அதற்கு மேல் இதயம், எலும்பு, ஹார்மோன்கள் எல்லாம் ஒழுங்காக இயங்க இன்னும் 1,700 கலோரியாவது வேண்டும். பசியே எடுக்காதவர் ஒரே நாளில் 3,800 கலோரியை எப்படிச் சாப்பிடுவார்? வாரக்கணக்கில் இந்தப் பற்றாக்குறை நீடித்தால் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். ஆண்களுக்கு ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையலாம். இரு பாலருக்கும் எலும்பில் மயிரிழை முறிவு வரலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014 முதல் எச்சரித்துவருவது இந்த நிலையைத்தான்.

என்னிடம் வந்த ஒருவர் யாரிடமும் சொல்லாமல் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீண்ட ஓட்டம். பாதி வழியில், ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் மாவுச்சத்து ஜெல்லைப் பிழிந்து வாயில் வைத்தவர் விழுங்க முடியாமல் அப்படியே துப்பினார். தண்ணீரும் உள்ளே தங்கவில்லை. அவருடைய உணவுக் குறிப்பேட்டில் முந்தைய இரவு எழுதியிருந்தது: "ஒன்றரை இட்லி, போதும் என்று தோன்றியது." மாரத்தானில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும் என்று திட்டமிடுகிறோம். சென்னை வெயிலில் வாந்தியும் சேர்ந்தால் நீரிழப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

காலக் கணக்கும் ஒத்துவராது. எடைக் குறைப்புக்கு வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டி, முழு அளவான 2.4 மில்லிகிராமை எட்ட 16 வாரம் ஆகும். குமட்டல் அதிகம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான். மாரத்தான் பயிற்சித் திட்டமும் பெரும்பாலும் 16 வாரம்தான்!

குறைவது கொழுப்பு மட்டுமா? இந்த மருந்து பற்றி 2021இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. உடற்கட்டை ஸ்கேன் செய்து பார்த்தவர்களிடம் அந்த இழப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பு அல்லாத திசு. அவர்கள் கூடுதல் எடையோடு தொடங்கியவர்கள். உங்களிடம் இழக்கக் கொழுப்பே குறைவு; தொடைத் தசைதான் விலை கொடுக்கும். எடை குறைந்ததால் கைக்கடிகாரம் காட்டும் விஓ2 மேக்ஸ் எண் (கிலோ எடைக்கு உடல் அதிகபட்சம் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு) ஏறலாம். 35ஆவது கிலோமீட்டரில் தேவைப்படும் வலு அதனால் வந்துவிடாது.

ஊக்கமருந்து பற்றியும் கேட்டீர்கள். செமாக்ளூடைட் தடைப்பட்டியலில் இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2024 முதல் அதைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறது. பழைய பசியடக்கிகளான சிபுட்ரமினும் ஃபென்டர்மினும் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. இதயப் பாதிப்பு காரணமாகப் பல நாடுகள் கைவிட்ட சிபுட்ரமின், 'மூலிகை' என்று விற்கும் எடைக்குறைப்புப் பொடிகளில் ரகசியமாகக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

எடை குறைத்தே ஆக வேண்டுமென்றால் போட்டி முடிந்தபின், பயிற்சி குறைவான மாதங்களில், தினம் 300 கலோரி மட்டும் குறைத்துப் பாருங்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நீரிழிவுக்காக மருத்துவரே இந்த ஊசியை எழுதிக்கொடுத்திருந்தால், ஓட்டத்துக்காக அதை நிறுத்திவிட வேண்டாம். அளவைக் கூட்டும் வாரங்களில் போட்டியைத் தவிருங்கள். வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி செய்யுங்கள். பசிக்கும்வரை காத்திராமல் நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள். போட்டி எண் அட்டையின் பின்புறம் மருந்தின் பெயரைக் கட்டாயம் எழுதிவையுங்கள்.