ஏஜென்ட் படகு நம்பர் கேட்டால் கொடுக்கலாமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர் கேட்கிறார்: "கணவாய் மீன் எடுக்கும் ஏஜென்ட் படகு நம்பர், கடலுக்குப் போன தேதி, பிடித்த இடம் எல்லாம் எழுதிக்கொண்டு போகிறார். பிறகு வரி, வழக்கு என்று ஏதாவது வருமா?"

கொடுங்கள். வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2010 ஜனவரியிலிருந்து, எந்தப் படகு பிடித்தது என்ற சான்று இல்லாமல் கடல்மீனை ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடுவதில்லை. திருட்டு மீன்பிடிப்பைச் சந்தையில் வைத்து மடக்கும் ஏற்பாடு அது. இங்கே அந்தப் பிடிப்புச் சான்றைத் தருவது கடல் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், நம் பேச்சில் எம்பிடா. விண்ணப்பிப்பவர் ஏற்றுமதியாளர்தான், ஆனால் விவரம் உங்கள் படகிலிருந்து போக வேண்டும்.

நான் பயப்படுவது இரவல் நம்பருக்கு. "சும்மா ஒரு நம்பர் கொடுங்க அண்ணாச்சி, கணக்குக்குத்தான்" என்று யாராவது கேட்பார்கள். படகு கரையேறி பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் வாரத்தில், அதே நம்பரில் 800 கிலோ கணவாய் பிடித்ததாகக் காகிதம் பேசினால்? அதுவும் தேதி ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில் விழுந்தால், மீன்பிடித் தடைக்காலத்தில் தொழில் செய்ததாக நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி. ஒரே கன்டெய்னரில் பல படகுச் சரக்கு கலந்திருக்கும். ஒரு பொய்யால் மற்றவர் சரக்கும் நிற்கலாம்.

அப்புறம், பிடித்த இடம். எல்லை தாண்டிப் பிடித்ததை நம் கடல் என்று எழுதாதீர்கள். அனுமதியில்லாமல் பிறநாட்டுக் கடலில் பிடித்தாலே அது சட்டவிரோத மீன்பிடிப்புதான். 2023 அக்டோபரில் மாலத்தீவில் சிக்கிய, தூத்துக்குடிப் பக்கத்துத் தருவைகுளம் படகுக்கு 42 லட்சம் ரூஃபியா, நம் பணத்தில் இரண்டு கோடிக்கு மேல், அபராதம் போட்டார்கள்.

நாடே மாட்டியதும் உண்டு. ஆழ்கடலுக்குப் போகும் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பா கதவைச் சாத்தியது. படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தி, சட்டத்தை இறுக்கிய பிறகு 2016-இல்தான் தடை நீங்கியது. நடுவில் அடிபட்டது ஒழுங்காகத் தொழில் செய்தவர்களும்தான்.

உங்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். போன தேதி, வந்த தேதி, எத்தனை பாகம் ஆழத்தில் வலை போட்டது, ஜிபிஎஸ் காட்டிய இடம், என்ன மீன், எத்தனை கிலோ. டிரைவரை விட்டு அன்றன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். மீன் ஏலம் போன சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஏஜென்ட் வந்தால் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள், வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.