பூமி சூடாகலன்னு சொல்றவங்களுக்கு நையாண்டி ஓவியத்தால பதில் சொல்ல முடியுமா?

நையாண்டி ஓவியம்னா எதிராளி சொல்றதையே எடுத்து, அது எவ்ளோ அபத்தம்னு கண்ணுக்கு முன்னாடி காட்டுற படம், அவ்ளோதான்.

நல்ல உதாரணம் பேங்ஸி (முகம் காட்டாம சுவத்துல படம் வரையுற பிரிட்டிஷ் ஓவியர்) 2009 டிசம்பர்ல லண்டன் கேம்டன் பக்கம் ரீஜன்ட்ஸ் கால்வாய் சுவத்துல பண்ணது. கோபன்ஹேகன்ல ஐ.நா. காலநிலை மாநாடு முடிஞ்ச சமயம், "புவி வெப்பமாதல்ல எனக்கு நம்பிக்கை இல்ல"ன்னு சிவப்பு எழுத்துல எழுதிட்டாரு, ஆனா கடைசி வரி பாதி தண்ணிக்குள்ள முங்கி இருக்கும். ஒருத்தன் குறட்டை விட்டுக்கிட்டே "நான் தூங்கவே இல்லயே"ன்னு சொன்னா எப்படி இருக்கும், அதே தான் இது. வேற விளக்கமே தேவையில்ல!

ஏன் வேலை செய்யுதுன்னா, கிராஃப், டேட்டான்னு காட்டுனா மனுஷன் உடனே சண்டைக்கு ரெடியாயிடுவான், சிரிப்பு வந்தா அந்த முறைப்பு கொஞ்சம் தளரும், அதோட முரண்பாட்டை அவனே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும் (இது என் அபிப்ராயம்).

சில சமயம் ஓவியரே தேவையில்ல. 2015 பிப்ரவரில, புவி வெப்பமாதல மறுத்துட்டு இருந்த அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் சபைக்குள்ளயே ஒரு பனிக்கட்டி உருண்டைய தூக்கிட்டு வந்து, வெளிய எவ்ளோ குளுரு பாருங்கன்னு தூக்கிப் போட்டாரு. ஒருநாள் குளுருறது வானிலை, பல வருஷக் கணக்கு தான் காலநிலை, ரெண்டையும் போட்டு குழப்பிட்டாரு, கார்ட்டூன் போடுறவங்களுக்கு கொண்டாட்டம்.

இந்த மாதிரி படத்தைப் பாத்து மறுக்குறவரு மனசு மாறிடுவாருன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, ஆனா அவரு பெரும்பாலும் கடுப்பு தான் ஆவாரு, படம் வரையுறதே பக்கத்துல நின்னு ரெண்டு பக்கமும் கேட்டுட்டு இருக்கிறவங்களுக்காக.