எஞ்சின் மவுண்டிங் வீட்டில் மாற்றலாமா? கேள்வி பதில்

கோண்டாவில் தம்பி: அண்ணை, என்ர ஆல்டோ நிற்கும்போது ஸ்ரேரிங் நடுங்குது. மவுண்டிங் போயிட்டுதோ?

எஞ்சினைக் காரோடு பிடித்து, அதன் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும் றப்பரும் இரும்பும் சேர்ந்த தாங்கிதான் மவுண்டிங். உடனே அதில் பழி போடாதீர்கள் தம்பி. ஆல்டோ மூன்று சிலிண்டர் வண்டி, கொஞ்ச நடுக்கம் அதன் பிறவிக் குணம். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டாலும், எஞ்சினுக்குக் காற்று விடும் துரொட்டில் பொடியில் கரி பிடித்தாலும் இதே நடுக்கம்தான் வரும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

அவை சரியென்றால் பொனற்றைத் திறந்து வைத்து, வீட்டில் கார் ஓடத் தெரிந்த ஒருவரை உள்ளே இருத்துங்கள். ஹாண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் இறுக்க மிதித்தபடி முதலாம் கியரில் கிளச்சை மெல்ல விடச் சொல்லுங்கள், பிறகு ரிவேர்சிலும் ஒருக்கால். நீங்கள் காருக்கு முன்னால் அல்ல, பக்கத்தில் நின்று பாருங்கள். எஞ்சின் கொஞ்சம் அசைவது வழமை. துள்ளி எழும்பி "டக்" என்று விழுந்தால் மவுண்டிங் முடிந்துவிட்டது.

மானிப்பாய்: எது போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டோர்ச் அடித்து றப்பரை வடிவாகப் பாருங்கள். மேல் தோலில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால் பயமில்லை. இரும்பிலிருந்து றப்பர் கழன்று, வாய் பிளந்த மாதிரி இடைவெளி தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். சில கார்களில் மவுண்டிங்கின் உள்ளே திரவம் இருக்கும், அது வெடித்தால் கீழே கறுப்பாக வழிந்து காய்ந்த தடம் தெரியும். ஒயில் கசிந்து றப்பர் ஊறிப்போயிருந்தால் முதலில் கசிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புதிதும் அதே வழிதான் போகும்.

அவரே: சரி, மாற்றுகிற முறையைச் சொல்லுங்கோ.

சமமான சீமெந்து நிலம் வேண்டும், மணல் முற்றத்தில் செய்யாதீர்கள். எஞ்சின் ஆறட்டும். பற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள், சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கடற்காற்று படுகிற எங்கள் ஊரில் போல்ட் எல்லாம் துருப்பிடித்திருக்கும், ஆகவே முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள்.

பிறகு எஞ்சினைத் தாங்க வேண்டும். ஜக்கை நேரே எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் சம்பில் வைத்தால் தகடு நெளிந்து உள்ளே ஒயில் உறிஞ்சும் குழாயில் முட்டும். இரண்டு அங்குலத் தடிப்பில், அகலமான வேப்பம் பலகைத் துண்டு ஒன்றை இடையில் வைத்து, மவுண்டிங்கின் பாரம் குறையும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். எஞ்சினும் கியர்பெட்டியும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல், அதனால் ஜக் மட்டும் தாங்கி நிற்கும்போது இடையில் கை விடவே கூடாது. காருக்குக் கீழே போவதென்றால் ஸ்ராண்ட் கட்டாயம்.

ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்தான். ஒன்றைக் கழற்றிப் புதிதை மாட்டிய பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் எஞ்சின் சரிந்து ஓட்டைகள் பொருந்தாது.

இனிச் சொல்வதைத்தான் அதிகம் பேர் பிழையாகச் செய்கிறார்கள். புதிய மவுண்டிங்கின் போல்ட்களை முதலில் கையால் மட்டும் திருகுங்கள். ஜக்கை மெல்ல இறக்கி, எஞ்சின் தன் பாரத்தில் தானாக அமர விட்டு, அதன் பிறகே இறுக்குங்கள், அதுவும் காரின் சேர்விஸ் கைநூலில் உள்ள இறுக்க அளவுக்கு. தூக்கி வைத்தபடியே இறுக்கினால் றப்பர் முறுகி நிற்கும், புதிது போட்டும் நடுக்கம் போகாது, கெதியில் கிழிந்தும் விடும். புதிது போட்டும் சரிவரவில்லை என்று என்னிடம் வந்த வண்டிகள் சிலவற்றில் போல்ட்டை இளக்கி, எஞ்சினை அமர விட்டு, திரும்ப இறுக்கியதோடு அந்த நடுக்கம் நின்றது.

சாவகச்சேரி: என்னுடையது ரொயோட்டா அக்வா ஹைபிரிட். எஞ்சின் தானாக ஸ்ராட் ஆகும்போது உதறுது.

எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டில், ஓடும்போதே எஞ்சின் நின்று நின்று எழும்புவதால், மவுண்டிங் தளர்ந்தால் அந்த நேரத்தில்தான் உதறல் நன்றாகத் தெரியும். ஆனால் வேறு காரணங்களாலும் உதறும், முதலில் ஸ்கான் பண்ணுங்கள். இந்தக் காரில் கை வைக்குமுன் பவரை நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். உயர் அழுத்த மின்சாரம் போகும் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். அனுபவம் இல்லையென்றால் இந்த ஒரு காரை மட்டும் கராச்சுக்கே கொண்டுபோங்கள்.

பருத்தித்துறை: அப்பாவின் மொரிஸ் மைனர். கிளச் விடும்போது முழுக் காரும் குலுங்குது.

90களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் எங்களைச் சுமந்த கார்கள் இவை, கவனமாகப் பாருங்கள். எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். முன்னால் இரண்டு பக்க றப்பரோடு கியர்பெட்டிக்குக் கீழே உள்ளதையும் பாருங்கள், அதைப் பலர் மறந்துவிடுவார்கள். எஞ்சினைத் தூக்கும்போது விசிறி றேடியேற்றரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். றப்பர் எல்லாம் நல்லதென்றால் பிழை பெரும்பாலும் கிளச்சில்தான் இருக்கும்.

நல்லூர் அக்கா: ஒன்றுதான் போனது, ஆனால் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களோ?

அப்படிச் சொல்ல முடியாது அக்கா. ஒன்று கிழிந்ததும் அதன் பாரத்தை மற்றவைதான் சுமந்திருக்கும். கழற்றியதை உங்கள் கண்ணால் பாருங்கள், றப்பர் இரும்போடு ஒட்டி இறுக்கமாக இருந்தால் விட்டுவிடலாம்.

காரைநகர்: கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் பழைய ஜப்பான் மவுண்டிங் மலிவாகக் கிடைக்குது, எடுக்கவா?

இரும்புச் சாமானென்றால் ஓம் என்பேன். றப்பர் பாவிக்காமல் கிடந்தாலும் வயது போகும். காசு இறுக்கமென்றாலும் இதை மட்டும் புதிதாக வாங்குங்கள்.