புதுக் கேடயத்துக்கு எதற்கு பர்மிட்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். இங்குள்ள ஜூலு இனத்தாரின் சடங்குக் கேடயங்களின் அலங்கார மாதிரிகளைச் சேர்க்கிறேன். ஐந்தாவதைக் கொண்டுவந்த தரகர், "இதற்கு மரபுத்துறை பர்மிட் வேண்டும், 3,500 ராண்ட் கொடுத்தால் நானே வாங்கித் தருகிறேன், அசல் சான்றிதழும் உண்டு" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள் ஐயா. 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டம், பழைய அசல் பொருள்கள் நாட்டைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கு. போன மாதம் செய்த மாட்டுத்தோல் கேடயத்தை உங்கள் சுவரில் மாட்ட யார் அனுமதியும் வேண்டாம். மாதிரி என்று விற்றுவிட்டு அசல் சான்றிதழ் தருகிறாராமே, எதற்கு அசல்?

அடுத்த முறை இதே ஆள் "இசாண்ட்ல்வானா, 1879" என்று, ஜூலுக்கள் பிரிட்டிஷ் படையை வென்ற போர்க்களத்தின் பெயரைச் சொல்லி ஒன்றைக் கொண்டுவருவார். ஷூ பாலிஷ் தேய்த்துப் பழசாக்கியது நிறையப் பார்த்துவிட்டேன். முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள், நீங்கள் திருப்பி முதுகைப் பாருங்கள். தோலில் இரண்டு வரிசைக் கீறல்கள், அவற்றினூடே வேறு நிறத் தோல் வார், பின்னால் அந்த வாரே பிடிகம்பை இறுக்கிப் பிடித்திருக்கும். அங்கே பசையும் ஸ்டேபிள் பின்னும் இருந்தால் பேச்சே வேண்டாம். முன்பக்க மயிரையும் விரலால் பிரித்துப் பாருங்கள். நிறம் நுனியில் மட்டும் இருந்தால் அது சாயம். இன்னொன்று: போர்க் கேடயம் அந்தக் காலத்தில் அரசரின் சொத்து, படைமுகாமில்தான் இருக்கும். "தாத்தா வீட்டுப் பரணில் கிடந்தது" என்றால் கொஞ்சம் குடைந்து கேளுங்கள்.

பர்மிட் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, அதைத் தரகர்கள் சொல்லவே மாட்டார்கள். கம்பின் உச்சியில் குஞ்சம் மாதிரி மயிர்த்தோல் சுற்றியிருக்கும், பார்த்திருப்பீர்கள். "நிஜச் சிறுத்தை" என்று பெருமையாகச் சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. விரல் நீளத் துண்டானாலும் வைத்திருக்க அனுமதி வேண்டும். கேடயம் புதிது என்பதோ, குஞ்சத்தைக் கட்டியது நீங்கள் இல்லை என்பதோ செல்லாது; இருப்பது உங்கள் வீட்டில், பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள். செயற்கை மயிர் போதும். வழிபாட்டு நடனத்துக்குச் சிறுத்தைத் தோல் அணியும் ஜூலு கிறிஸ்தவர்களான ஷெம்பே சபையினரிலேயே பலர் இப்போது செயற்கைச் சிறுத்தைத் தோல்தான் அணிகிறார்கள்.

இதையெல்லாம் அரசு அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். சரி, கேளுங்கள். நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். நான்காவது முறை "ஈமெயில் போடுங்கள்" என்றார்கள். போட்டு எட்டு மாதம் ஆகிறது. தரகர் பிழைப்பதே இந்த மௌனத்தில்தான்.

ஐந்தாவது கேடயம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். ரசீதில் "புதிய மாதிரி, மாட்டுத்தோல், குஞ்சம் செயற்கை" என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் கேடயமும் வேண்டாம்.