முதல் முறையாக வீடு வாங்குகிறேன். அடுத்த வாரம் பத்திரப் பதிவு. பயமாக இருக்கிறது, இது சாதாரணமா?

சாதாரணம்தான். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, கடனும் சாங்ஷன் ஆகிவிட்டது, வீட்டில் எல்லோரும் பால் காய்ச்ச நாள் பார்க்கிறார்கள், உங்களுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. சரிதானே? 2019இல் தாம்பரம் பக்கம் பழைய தனிவீடு ஒன்றை 52 லட்சத்துக்கு வாங்கியபோது என் கதையும் இதுதான்.

பதிவுக்கு இரண்டு நாள் முன்பு பத்திர எழுத்தர் டிராஃப்ட் அனுப்பினார். பெயர், அப்பா பெயர், ஆதார் எண் எல்லாம் சரி. தூக்கம் வராத புண்ணியத்தில் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தையும் படித்தேன். செக்குபந்தியில், அதாவது மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், ‘20 அடி ரோட்டிற்கும் வடக்கு’ என்று இருந்தது. வடக்குப் பார்த்த வீடு என்பதற்காகவே என் மாமியார் சம்மதித்த வீடு அது. வாசலுக்கு வடக்கே ரோடு என்றால், மனை ரோட்டுக்குத் தெற்கே அல்லவா இருக்க வேண்டும்? தாய்ப்பத்திர (இதே சொத்தின் முந்தைய பத்திரம்) நகலை எடுத்துப் பார்த்தேன். அதில் தெற்கு என்றுதான் இருந்தது. டைப் அடித்தவர் மாற்றிவிட்டார்.

எழுத்தரிடம் சொன்னால், “சர்வே நம்பர் சரியா இருக்கு சார், இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்றார். ஆகாமல் இருக்கலாம். ஆனால் பதிவான பிறகு திருத்த வேண்டுமென்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெரியவரோ அடுத்த வாரமே மகனோடு புனே போகிறார். பிடிவாதமாக நின்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்.

‘வக்கீல் பார்க்கவில்லையா?’ என்று கேட்க வருபவர்களுக்கு: பார்த்தார். வங்கி வக்கீலும் பார்த்தார். அவர்கள் பார்த்தது பழைய பத்திரங்களை. இது அதற்கப்புறம் டைப் ஆனது. நான் யாரையும் குறை சொல்லவில்லை, நான் வக்கீலும் இல்லை.

அதே இரவு வில்லங்கத்தையும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) மறுபடி போட்டுப் பார்த்தேன். வக்கீல் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பதிவுத்துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், நீங்களும் முந்தின நாள் ஒருமுறை பாருங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அதில் 1% டிடிஎஸ் (வாங்குபவர் பிடித்து விற்பவர் பெயரில் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும் என்பதை விற்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் பதிவு அலுவலக வாசலில் வைத்துச் சொன்னேன். 52,000 ரூபாயை நானே சுருட்டுவதாக நினைத்து அந்தப் பெரியவர் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பணம்தான் பெரிய தலைவலி. அப்போது முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 4%. மொத்தம் 5,72,000. (2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2% தான், ஆனால் அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பான வழிகாட்டி மதிப்பைக் கூடவே ஏற்றிவிட்டார்கள்.) என் வங்கி இதற்குக் கடன் தரவில்லை. வாடகை வீட்டு அட்வான்ஸ் 1,40,000 வரும் என்று நம்பியிருந்தேன். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட வெள்ளையடிக்காத ஹவுஸ் ஓனர், காலி பண்ணும்போது ‘பெயின்ட் செலவு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார். மீதியையாவது நேரத்துக்குக் கொடுத்தாரா? பதிவு முடிந்த மறுநாள் கொடுத்தார். அதற்குள் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. அதை மீட்க நாலு மாதம் ஆனது.