உத்தரவு போட முடியாதவருக்கு எதற்குத் தலைமைப் பயிற்சி?

கேள்வி: மண்டலப் பொருளாதார வளர்ச்சி அமைப்பு ஒன்றில் திட்ட அலுவலராகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆறு நகராட்சிகளுக்கும் பொதுவான தொழில் வளர்ச்சித் திட்டங்களைத் தயாரிப்பது எங்கள் வேலை. இளம் அலுவலர்களுக்கான ஒன்பது மாதத் தலைமைப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். "உனக்குக் கீழே ஒருவர்கூட இல்லை, யாருக்குத் தலைமை தாங்கப் போகிறாய்? முதலில் புள்ளிவிவரத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்" என்கிறார் என் இயக்குநர். கூட்டங்களில் மேயர்கள் முன்னால் எனக்கு வாய் வருவதில்லை என்பதும் உண்மை. இப்போதே போகலாமா, சில ஆண்டுகள் பொறுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம். ஆனால் எந்தப் பயிற்சி என்று பார்த்துப் போங்கள்.

உங்களுக்குக் கீழே ஆள் இல்லை என்கிறார் இயக்குநர். அந்த ஆறு நகராட்சிகள் அவருக்குக் கீழே இருக்கின்றனவா என்ன? உங்களுடையதைப் போன்ற பெரும்பாலான அமைப்புகளால் வரி விதிக்க முடியாது, ஓர் ஆலைக்கு அனுமதி தர முடியாது, ஒரு மேயருக்கு உத்தரவு போட முடியாது. கையில் இருப்பவை ஓர் அறிக்கை, கொஞ்சம் நிதி, நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் உரிமை. அவ்வளவுதான். இந்தத் துறையில் தலைமை என்பது பதவி உயர்வோடு வந்து சேரும் சங்கதி அல்ல. முதல் கூட்டத்துக்கு நாற்காலி போட்ட நாளிலிருந்தே உங்கள் வேலையில் அது இருக்கிறது.

ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம்தான் அந்த நகரத்தைத் தூக்கி நிறுத்தியது என்று உலகமெங்கும் பேசுகிறார்கள். அதே போல ஒரு கட்டடம் எழுப்பினால் போதும் என்று கிளம்பிய நகரங்களும் உண்டு. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1992-இல், பில்பாவோ ரியா 2000 என்ற அமைப்பு உருவானதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் பங்குகளில் ஸ்பெயின் அரசின் தரப்புக்குப் பாதி, பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதியின் மாகாண, நகர நிர்வாகங்களின் தரப்புக்குப் பாதி. அரசியலில் ஒத்துப்போகாத இரு தரப்புகள் சரிபாதியாக உட்கார்ந்தால், ஒருவர் மற்றவரை மீறி எதையும் செய்ய முடியாது. ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட துறைமுக, ரயில்வே நிலங்களை மீட்டெடுத்தது அந்த ஏற்பாடுதான். கட்டடம் புகைப்படத்தில் விழும், பேச்சுவார்த்தை விழாது.

ஐரோப்பாவில் 1991-இல் தொடங்கிய லீடர் என்ற ஊரக வளர்ச்சித் திட்டத்தில் இதை விதியாகவே எழுதி வைத்தார்கள். நிதி எதற்குப் போக வேண்டும் என்பதை உள்ளூர்க் குழுக்களே தீர்மானிக்கும். 2014-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அக்குழுவில் அரசுத் தரப்போ வேறு எந்த ஒரு தரப்போ 49 சதவீதத்துக்கு மேல் வாக்கு வைத்திருக்கக் கூடாது என்று இருந்தது. தனியாக யாராலும் ஜெயிக்க முடியாத இடத்தில் எல்லோரிடமும் போய்ப் பேச ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பல நேரங்களில் உங்களைப் போன்ற இளையவராகத்தான் இருப்பார்.

புள்ளிவிவரம் பற்றி இயக்குநர் சொன்னதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். கணக்கு தெரியாதவரின் தலைமை வெறும் மேடைப்பேச்சு. ஆனால் கணக்கை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். உங்கள் மண்டலத்து வேலைகளில் 9 சதவீதம் உலோகப் பட்டறைகளில், நாடு முழுவதற்கும் அது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவது லொகேஷன் கோஷன்ட், இங்கே அது 1.8. அறிக்கையில் அது அழகான எண். கூட்டத்தில் அந்த எண்ணைத் திரையில் காட்டினால் மேயர்கள் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். "நாட்டின் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள் நம்மிடம் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இது சரிந்தால் நாம் மற்றவர்களைவிட அதிகமாக அடிபடுவோம். இதில் இன்னும் பணம் போடலாமா, வேறு தொழிலுக்கு வழி தேடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கைபேசிகள் கீழே இறங்கும்.

கேள்வி கேட்பதற்கு அதட்டும் குரல் தேவையில்லை. வாய் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நான் சொல்லும் வழி இதுதான். கூட்டத்துக்கு முந்தைய வாரமே ஆறு பேரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். புதிய தொழிற்பேட்டை ஒன்று வருகிறது, இரண்டு நகராட்சிகள் அது தங்களுக்கே வேண்டும் என்று மல்லுக்கு நிற்கின்றன என்றால், இரண்டு மேயர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இது உங்கள் ஊருக்கு வராவிட்டால், உங்கள் மக்களிடம் போய்ச் சொல்ல என்ன இருந்தால் ஒப்புக்கொள்வீர்கள்?" ஒருவர் பஸ் வழித்தடம் என்பார், இன்னொருவர் பயிற்சி மையம் என்பார். குறித்துக்கொள்ளுங்கள். சபையில் விட்டுக்கொடுத்தால் தோற்றவராகத் தெரிவோம் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, தனியறையில் அந்தப் பயம் பாதியாகிவிடும். கூட்டம் முடிந்த அன்றே, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள். அந்தப் பக்கத்தை எழுதுகிறவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பது எழுதாதவர்களுக்குத் தெரியாது.

இனி, பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது பற்றி. ஆளுமைத் தேர்வு, உடல்மொழி, வெற்றி பெற்றவர்களின் உரை என்றே பாடத்திட்டம் நிறைந்திருந்தால் விட்டுவிடுங்கள். இப்படிக் காசு பறிக்கும் வகுப்புகள் எல்லாத் துறைகளிலும் பெருகிவிட்டன. உங்கள் மண்டலத்தின் உண்மையான சிக்கல் ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறார்களா, கள ஆய்வு உண்டா, வேறு மண்டலங்களிலிருந்து உங்கள் வயதுக்காரர்கள் வருகிறார்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். அமெரிக்காவில் 13 மாநிலங்களில் பரந்து கிடக்கும் அப்பலாச்சியா போன்ற பகுதியில், சுரங்கம் மூடிய ஊரின் அலுவலருக்கு மற்றொரு சுரங்க ஊரின் அலுவலர் சொல்வதுதான் காதில் ஏறும். உங்களுக்கும் அப்படித்தான். தோற்றுப்போன திட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரரிடம் மனம் விட்டுப் பேசலாம், மேலதிகாரியிடம் முடியாது.

இயக்குநரிடம் அனுமதி மட்டும் கேட்காதீர்கள், வேலையும் கேளுங்கள். "இந்த ஒன்பது மாதத்தில் திறன் பயிற்சிக் குழுவின் கூட்டங்களை நானே நடத்துகிறேன், கணக்கும் நானே தயாரிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் கேட்ட புள்ளிவிவரமும் அதில் அடங்கிவிடுகிறது, மறுக்க அவருக்குக் காரணம் குறையும். அப்படியும் மறுத்தால் இந்த ஆண்டு விண்ணப்பத்தை விடுங்கள், அந்தக் குழுவை விடாதீர்கள். பயிற்சி அடுத்த ஆண்டும் வரும்.