முதல் புகைப்படக் கண்காட்சி: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் எடுத்த படங்கள் இருநூறு தேறும். சிறிய அரங்கில் கண்காட்சி வைக்க ஆசை. எதை முதலில் செய்வது?

சுவரை அளந்துவிட்டு வாருங்கள். நண்பர்களின் கண்காட்சிகளில் படம் பொறுக்குவது முதல் ஆணி அடிப்பது வரை கூடமாட நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரங்கு முடிவாகும் முன்பே பிரேம் கடைக்குப் போகாதீர்கள். மொத்தம் 60 அடி சுவர், 2 அடி அகல பிரேம், நடுவே 1 அடி இடைவெளி என்றால் 20 படம்தான். அதற்குமேல் திணித்தால் ஸ்டுடியோ வாசல் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது பொறுக்குவது. தலைவலியே இதில்தான். நான்கு பேர் என்றதும் ஆளுக்கு ஐந்து என்று பங்கு பிரிக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். படமே எடுக்காத ஐந்தாவது ஆள் ஒருவரிடம் கடைசி முடிவைக் கொடுங்கள். சண்டை வரும், வரட்டும். எல்லாவற்றையும் அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரு படத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் இரண்டும் பேசிக்கொள்கின்றன என்று பாருங்கள். தனியாகப் பிரமாதமாக இருக்கிற படம் சில சமயம் யாரோடும் சேராது. அதை எடுத்துவிட வேண்டியதுதான்.

1955இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் தொகுத்த 'தி ஃபேமிலி ஆஃப் மேன்' என்ற கண்காட்சி இதற்கு நல்ல பாடம். 68 நாடுகளில் எடுத்த 503 படங்கள். நாடு வாரியாக அடுக்காமல் காதல், பிறப்பு, உழைப்பு, சாவு என்று கொண்டுபோனார். பால் ருடால்ஃப் என்ற கட்டிடக் கலைஞர் அரங்கை வடிவமைத்தார். கைகோத்துச் சுற்றி விளையாடும் குழந்தைகளின் படங்களை வட்டமான ஒரு சட்டத்தில் மாட்டினார்கள். பார்ப்பவரும் சுற்றிவர வேண்டும். எடுத்தவர்களைவிடத் தொகுத்தவரின் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது என்ற குறையும் அதன்மேல் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் அந்த வரிசைப்படுத்தலை மறுக்க முடியாது. இன்று அது லக்சம்பர்க் நாட்டின் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது.

மாட்டுவதற்கு ஒரு கணக்கு: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில், ஏறக்குறைய கண் மட்டத்தில், வர வேண்டும். பிரேமின் உயரம் 24 அங்குலம், பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது என்று வையுங்கள். 57உடன் 12ஐக் கூட்டி 3ஐக் கழித்தால் 66. ஆணி அங்கே. கொத்தனார் போல நூல் பிடித்துக்கொண்டால் வரிசை கோணாது.

கண்ணாடி போடுவதானால் விளக்கு நேராக அடிக்கக் கூடாது, பார்ப்பவர் முகம்தான் தெரியும். சென்னை போன்ற கடலோர ஊர் என்றால் இரட்டைப் பக்க டேப்பை நம்பி எதையும் ஒட்டாதீர்கள். இரவில் ஏசியை நிறுத்தியதும் புழுக்கத்தில் கழன்றுவிடும். விவரச் சீட்டு வலப்பக்கம் கீழே, சின்னதாக. அடையாளம் தெரிகிற முகங்கள் இருந்தால் அவர்களிடம் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், விற்கிற எண்ணம் இருந்தால் கட்டாயம்.

அப்புறம், திறப்பு விழாவுக்கு ஆள் தானாகவே சேரும். படங்களைக் கழற்றுகிற அன்றைக்கு இரண்டு பேரையும் ஒரு வண்டியையும் இப்போதே சொல்லி வையுங்கள். சுவரில் ஆணி ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் பட்டியும் வேண்டும், இல்லாவிட்டால் அரங்குக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.